குழிவும் வெறுமையும் பொய்ம்மையும்: ஒரு பிரெஞ்சுச் சொல்லும் அதன் ஆங்கிலப் பொருள்களும்

மொழிபெயர்ப்பு எளிய தொழில் என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். ஒரு கையில் மூல நூலும் மறு கையில் அகராதியும் இருந்தால் போதும், எஞ்சியன பொறுமையும் மையுமே என்பது அன்னாரின் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைக் காட்டப் பெருநூல்கள் பலவற்றைப் புரட்ட வேண்டுவதில்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் குடிபெயரும்போது அதற்கு நேர்வது யாது என நோக்கினாலே போதும்.

நாம் எடுத்துக்கொண்ட சொல் பிரெஞ்சு மொழியைச் சேர்ந்தது. குழிவு, குடைவு, உள்ளீடின்மை, வெறுமை ஆகிய யாவற்றையும் அவ்வொரு சொல் குறிக்கும். அதன் ஒலியைத் தமிழெழுத்தில் முற்றும் காட்டவியலாது. ஆண்பாலில் 'க்ரோ' என்றும் பெண்பாலில் 'க்ரோஸ்' என்றும் எழுதி அமைவோம். ஆங்கில அகராதிகள் இதற்கு முதற்பொருளாகத் தருவது 'ஹாலோ' என்னும் சொல். அதற்கடுத்தபடி 'எம்ட்டி' என்னும் சொல்லையும் தருவதுண்டு. முன்னது உள்ளே குடைவுடையது எனவும், பின்னது உள்ளே ஒன்றுமில்லாதது எனவும் பொருள்படும். மேலெழுந்தவாறு பார்ப்பின் இரண்டும் பொருத்தமானவையே. ஆயினும் 'ஹாலோ' என்னும் ஆங்கிலச் சொல் தன்னோடு ஒரு பழிச்சொல்லையும் சுமந்து வருகிறது என்பதும், 'க்ரோ' என்னும் பிரெஞ்சுச் சொல் பெரும்பாலான இடங்களில் அப்பழியைச் சுமப்பதில்லை என்பதுமே நாம் இங்கு ஆராயப் புகுந்த செய்தி.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் வினவக்கூடும். பிரெஞ்சு நாட்டு நாவல்களையும் கட்டுரைகளையும் நம்மவரிற் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வாயிலாகவே படிக்கின்றனர். தமிழில் வரும் பிரெஞ்சுக் கதைகளிற் பலவும் ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்பட்டவையே. எனவே, மூல ஆசிரியன் சொல்லாத பழியொன்றை ஆங்கிலத்தார் அறியாமலே ஏற்றிவிடுவாராயின், அப்பழி மெய்யென்று நம்பி நாமும் நம் மொழியில் அதனை எழுதி வைத்துவிடுவோம். இரண்டாம் கையிற் பொருள் வாங்குவோன் முதற் கையில் வாங்குவோனைவிட இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டுமன்றோ?

சொல்லின் வாழ்க்கை

'க்ரோ' என்னும் சொல் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சுச் சொற்களிற் பெரும்பாலானவை இலத்தீன் மொழியின் வழிவந்தவை. ஆனால் இச்சொல், உரோமர் அந்நாட்டிற்கு வருமுன் அங்கு வாழ்ந்த கால் இனத்தாரின் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. எங்ஙனமாயினும், அது மண்ணோடும் மரத்தோடும் உடலோடும் நெருங்கிப் பழகிய சொல் என்பதில் ஐயமில்லை.

அதன் ஆட்சியைச் சிறிது பார்ப்போம். உழவன் நடந்து நடந்து, வண்டி உருண்டு உருண்டு, இருமருங்கும் கரை உயர்ந்து நடுவே தாழ்ந்துபோன பாதை ஒரு 'க்ரோ' பாதை. கஞ்சியும் சாறும் ஊற்றி உண்ணும் குழிந்த தட்டு ஒரு 'க்ரோஸ்' தட்டு. நீரை அள்ளக் கையைக் குவித்தால் உள்ளங்கையில் உண்டாகும் குழிவு 'க்ரோ'. அலைக்கும் அலைக்கும் இடைப்பட்ட பள்ளமும் அதுவே. கடலின் கொந்தளிப்பைச் சொல்லும் பிரெஞ்சு மாலுமி, அலையின் அடிப்பள்ளத்திலிருந்து முகடு வரையுள்ள உயரத்தை இத்தனை மீட்டர் 'க்ரோ' என்றுதான் அளந்து சொல்வான். மக்கள் நெருக்கம் குறைந்த வேளைகளும், மின்சாரம் மிகுதியாகச் செலவாகாத நேரங்களும் 'க்ரோஸ்' வேளைகள். சொத்தை விழுந்து குடைந்த பல்லும் அப்பெயரே பெறும். 'எனக்கு ஒரு க்ரோ இருக்கிறது' என்று ஒருவன் சொன்னால், அவனுக்குச் சற்றே பசிக்கிறது என்பது கருத்து. 'அவனுக்கு மூக்கு க்ரோ' என்றாலோ, வரப்போவதை முன்னரே மோப்பம் பிடிக்கும் கூரிய அறிவுடையவன் என்பது கருத்து. இது பாராட்டேயன்றி ஏளனமன்று!

இவ்வொரு சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை சொற்களாகப் பிரித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள். பாதைக்கு ஒரு சொல், தட்டுக்கு ஒரு சொல், அலைக்கு ஒரு சொல், சந்தடியற்ற வேளைக்கு ஒரு சொல், வயிற்றுக்கு ஒரு சொல். கைக்கும் கன்னத்துக்கும் மட்டுமே 'ஹாலோ' தயக்கமின்றி வருகிறது. மூக்கினைக் குறித்த வழக்கையோ ஆங்கிலத்தார் அடியோடு விட்டுவிட்டு வேறு வகையாற் சொல்ல வேண்டியதாயிற்று. இவற்றில் எந்த இடத்திலும் பிரெஞ்சுச் சொல் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. பொருளின் வடிவத்தையோ, அதில் உள்ள குறைவையோ மட்டும் அது சொல்லி நிற்கிறது.

ஆங்கிலத்தின் இரு சொற்கள்

இனி ஆங்கிலத்தின் பக்கம் திரும்புவோம். 'ஹாலோ' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல். துளை, பொந்து, குகை என்னும் பொருளில் பண்டை ஆங்கிலத்தில் வழங்கிய பெயர்ச்சொல்லிலிருந்து தோன்றியது. மரப்பொந்தும் மலையிடைப் பள்ளமும் அதன் பழைய உறைவிடங்கள். அந்நிலையில் அது பிரெஞ்சுச் சொல்லின் உடன்பிறப்பைப் போன்றதே.

ஆனால் காலப்போக்கில் அச்சொல் மனிதரின் நடத்தைமேல் ஏறியது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே அது போலி நட்பினைச் சுட்டும் சொல்லாக வழங்குகிறது. தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஒலி காட்டிக்கொடுக்கும் பாத்திரம் போல, நட்பென்று வந்தவனை ஆபத்தில் தட்டிப் பார்த்தால் உள்ளே நட்பில்லை என்பது அதன் கருத்து. அன்று தொட்டு இன்று வரை, 'ஹாலோ' வாக்குறுதி என்றால் நிறைவேற்றும் எண்ணமின்றிக் கொடுத்தது, 'ஹாலோ' நகைப்பு என்றால் மகிழ்ச்சியின்றி நகைத்தது என்றே ஆங்கிலேயன் பொருள்கொள்கிறான். அச்சொல்லைக் கேட்டவுடன் ஏமாற்றம் என்னும் நினைவு அவன் உள்ளத்தில் எழுகிறது.

பிரெஞ்சுக்காரன் இவ்விடங்களில் என்ன சொல்கிறான்? பொறுப்பின்றிக் கொடுத்த வாக்குறுதியைக் காற்றில் விட்ட வாக்குறுதி என்கிறான். மனமின்றி நகைக்கும் நகைப்பை மஞ்சள் நகைப்பு என்கிறான். பொய்ம்மைக்கு அவனிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. 'க்ரோ'வை அவன் அதற்காகத் தேடிச் செல்வதில்லை.

மற்றொரு சொல்லாகிய 'எம்ட்டி'யின் வரலாறு இதனினும் சுவையானது. பண்டை ஆங்கிலத்தில் அது ஓய்வுடையவன், வேலையின்றிச் சும்மா இருப்பவன் என்று பொருள்பட்டது. ஓய்வாயிருந்த மனிதனைக் குறித்த சொல், பின்னர் ஆளில்லாத இடத்தையும் பொருளில்லாத பாத்திரத்தையும் குறிக்கலாயிற்று. சந்தடி குறைந்த வேளையைப் பிரெஞ்சார் குழிந்த வேளை என்று சொல்வதை மேலே கண்டோம். ஓய்வுக்கும் வெறுமைக்கும் உள்ள உறவை இரு மொழியாரும் வெவ்வேறு வழியிற் கண்டுகொண்டனர் போலும். எவ்வாறாயினும் 'எம்ட்டி' என்பதில் வஞ்சகம் இல்லை. வெறும் பானை தன்னை நிறைகுடம் என்று சொல்லிக்கொள்வதில்லை.

இல்லாமையும் இருப்பதாய்க் காட்டுதலும்

இவ்வேறுபாட்டால் விளையும் தீங்கினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

ஒரு பேச்சாளர் மேடையேறி ஒன்றரை மணி நேரம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடமை என்கிறார், ஒற்றுமை என்கிறார், வருங்காலம் நம் கையில் என்கிறார். எந்தக் கடமை, எவருடைய ஒற்றுமை, எத்தகைய வருங்காலம் என்பது மட்டும் இறுதி வரை வெளிவரவில்லை. மறுநாள் பிரெஞ்சு இதழாசிரியர் ஒருவர் அப்பேச்சினைக் 'க்ரோ' என்று எழுதுகிறார். அவர் கூறிய குற்றம் யாது? பேச்சில் சரக்கில்லை என்பது. பேசினவர் பொய்யர் என்று அவர் கூறினாரில்லை. அப்பேச்சாளர் தாம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் முழுமனத்தோடு நம்பியே சொல்லியிருக்கலாம். நல்ல மனமும் வறிய சிந்தனையும் ஒருவரிடமே குடியிருத்தல் உலகில் அரிதன்று.

இதே வாக்கியத்தை ஆங்கிலத்தார் 'ஹாலோ' என்று பெயர்த்துவிடுகின்றனர். உடனே வழக்கே மாறிவிடுகிறது. ஆங்கிலம் படிப்போன், இப்பேச்சாளர் தாம் நம்பாததை நம்பினாற்போல் நடித்தார் என்று தீர்ப்புச் செய்துவிடுகிறான். முன்னைய குற்றச்சாட்டுக்கு விடையிறுக்க வேண்டுமாயின் பேச்சாளர் தம் பேச்சிலிருந்த கருத்தை எடுத்துக் காட்டவேண்டும். பின்னையதற்கு விடையிறுக்க வேண்டுமாயின் தம் நேர்மையையே நிலைநாட்டவேண்டும். ஒருவன்மீது கடன்பட்டான் என்று வழக்குத் தொடுத்துவிட்டு, தீர்ப்பில் திருடினான் என்று எழுதுவது முறையாகுமா?

இவ்விடத்தில் 'எம்ட்டி' என்று எழுதியிருப்பின் நீதி தவறியிராது. ஆயினும் 'ஹாலோ'வின் ஒலி கம்பீரமானது, கடுமையானது. கடுமையான சொல் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது மென்மையான சொல்லைத் தேடிச்செல்ல எழுத்தாளர் பலருக்கு மனம் வருவதில்லை.

நம் திறனாய்வாளரும் இக்குற்றத்துக்கு விலக்கானவர் அல்லர். வெற்றுரை என்பதும் பொய்யுரை என்பதும் தமிழில் தனித்தனியே நிற்கும் சொற்கள். இருந்தும், ஓர் இளைஞர் எழுதிய முதற் கவிதைத் தொகுதியில் பொருட்செறிவு இல்லையெனக் கண்டவுடன், வெற்றுரை, போலி, பகட்டு, ஏமாற்று என்று ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறோம். முதற்சொல் அவர் நூலைப் பற்றியது. எஞ்சியவை அவர் ஒழுக்கத்தைப் பற்றியவை. நூலைப் படித்து நூலைப் பற்றிச் சொல்ல நமக்கு உரிமையுண்டு. ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமாயின் வேறு சான்று வேண்டும்.

பசித்த வயிறு

பேச்சைப் பற்றிய வரையில் தீங்கு ஒருவருடைய நற்பெயரோடு நிற்கிறது. வயிற்றைப் பற்றி வரும்போது அது இன்னும் ஆழமாகச் செல்கிறது. பிரெஞ்சு மொழியில் 'க்ரோ' வயிறு என்றால் உணவில்லாத வயிறு. பன்மையில் 'க்ரோ' வயிறுகள் என்று சொன்னால், பசித்த மக்கட்கூட்டம் முழுவதும் கண்முன் வந்து நிற்கும். உண்டவன் உண்ணாதவனைப் பற்றிப் பேசும்போது பயன்படும் சொல் அது. அதில் இரக்கம் உண்டு, சிற்சில வேளைகளில் சினமும் உண்டு. அச்சினம் பசித்தவன்மேல் செல்வதன்று, பசிக்கவிட்டவன்மேல் செல்வது.

எமில் ஸோலாவின் 'ஜெர்மினால்' நாவல் 1885-ல் நூலாக வெளிவந்தது. வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பொருளாகக் கொண்டது. அதனை எழுதுமுன் ஸோலா 1884-ல் ஆன்சான் என்னும் சுரங்கப் பகுதிக்கு நேரிற் சென்று, அங்கு நடந்துகொண்டிருந்த வேலைநிறுத்தத்தையும் கண்டு, குறிப்புகள் எடுத்துவந்தார். கதையின் தொடக்கத்தில் வேலையிழந்த எத்தியேன் என்னும் இளைஞன், குளிரிலும் பசியிலும் இரவில் தனியே நடந்துவந்து சுரங்கத்தை முதன்முறையாகக் காண்கிறான். அச்சுரங்கம் ஒரு 'க்ரோ'வின் அடியில், நிலத்தின் பள்ளமொன்றில், பதுங்கிக் கிடப்பதாக ஸோலா வருணிக்கிறார். உலகை விழுங்கக் காத்திருக்கும் பேராசை கொண்ட விலங்காக அது அவனுக்குத் தோன்றுகிறது. பள்ளத்தைச் சொல்லும் அதே சொல்தான் பிரெஞ்சில் பசித்த வயிற்றையும் சொல்வது. பசித்த மனிதன் பசித்த பள்ளத்தை எதிர்கொள்கிறான் என்பதைப் பிரெஞ்சு படிப்போனுடைய காது தானே கேட்டுக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் இதனைக் கொணர்தல் எங்ஙனம்? நிலப்பள்ளத்துக்கு 'ஹாலோ' பொருந்தும். ஆனால் பசித்த வயிற்றுக்கு ஆங்கிலேயன் இயல்பாகச் சொல்வது 'எம்ட்டி' என்பதே. ஆக, மூலத்தில் ஒன்றாயிருந்த இழை மொழிபெயர்ப்பில் இரண்டாக அறுந்துபோகிறது. அவ்விழையை அறாமற் காக்க விரும்பி வயிற்றுக்கும் 'ஹாலோ' என்றே எழுதினால், பசித்தவன் வயிறு ஏதோ செய்யுளணி போலத் தோன்றிவிடும். பசியைச் சொல்லும்போது பசியென்றே தெரியும்படி சொல்லுதல் எழுத்தாளன் கடமை.

எனினும் ஆங்கிலத்தைக் குறை கூறிவிட்டு நின்றுவிடுதல் நேர்மையாகாது. ஆங்கிலத்தில் 'பிட்' என்றொரு சொல் உண்டு. குழி என்பது அதன் பொருள். நிலக்கரிச் சுரங்கத்தை ஆங்கிலத் தொழிலாளர் 'பிட்' என்றே வழங்கினர். நெஞ்சுக்குக் கீழே, பசியும் அச்சமும் முதலில் தாக்கும் அவ்விடத்தை, வயிற்றின் 'பிட்' என்று அதே சொல்லால் ஆங்கிலம் குறிக்கிறது. அவ்விடத்தைப் பிரெஞ்சார் வயிற்றின் 'க்ரோ' என்பர். ஆகவே ஒரு வாயிலில் இழந்த உறவை மற்றொரு வாயிலில் மீட்டுக்கொள்ள ஆங்கிலத்துக்கு வழி இருக்கிறது. அகராதியில் 'க்ரோ'வுக்கு நேரே முதலாவதாக அச்சிட்ட சொல்லோடு நின்றுவிடுபவர் இவ்வழியைக் காணமாட்டார். சுரங்கத் தொழிலாளியின் பேச்சைக் கேட்டவர் காண்பார்.

பிறவாதவர்களின் ஆண்டுகள்

மூன்றாவது எடுத்துக்காட்டு வரலாற்றைச் சேர்ந்தது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையினர் பதின்மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவரை எண்ணக் கல்லறைகளும் நினைவுத் தூண்களும் இருக்கின்றன. பிறவாமற்போனவரை எண்ண என்ன இருக்கிறது? கணவர் போர்முனையில் இருந்த அவ்வாண்டுகளில் அந்நாட்டில் பிறந்த குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அக்குழந்தைகள் வளர்ந்து, இருபது வயதெய்திப் படைப்பணிக்கு அழைக்கப்படும் காலம் 1935-ல் தொடங்கியது. பட்டியலில் பெயர்கள் பாதிதான் இருந்தன. அவ்வாண்டுப் பிள்ளைகளைப் பிரெஞ்சார் 'க்ரோஸ்' வகுப்புகள் என்றனர். ஜெர்மனி படைவலி பெருக்கிவந்த அந்நேரத்தில், குறைந்த ஆட்தொகையை ஈடுசெய்யும் பொருட்டு, 1935 மார்ச்சில் பிரெஞ்சு அரசாங்கம் கட்டாயப் படைப்பணிக் காலத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தியது.

இங்கு 'க்ரோ' என்னும் சொல்லில் ஏளனம் ஏதேனும் உண்டா? இல்லை. பல் விழுந்த ஈற்றின் குழிவைப் போல, இருக்கவேண்டியவர் இல்லாத இடத்தை அது காட்டுகிறது. அவ்விளைஞர்மேல் யாதொரு குற்றமும் இல்லை. அவர்கள் எண்ணிக்கையிற் குறைந்தனரேயன்றிப் பண்பிற் குறைந்தவர் அல்லர்.

வரலாற்றாசிரியர் யூஜென் வெபர் 1930-களின் பிரான்சைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1994-ல் வெளிவந்தது. 'ஹாலோ ஆண்டுகள்' என்பது அதன் தலைப்பு. மக்கட்தொகையைப் பற்றிய பழைய வழக்கை அறிந்தவர் அத்தலைப்பில் பிறவாத பிள்ளைகளை நினைப்பர். அதனை அறியாத ஆங்கில வாசகரோ, உள்ளே உரமின்றி வெளியே பகட்டிய ஒரு நாட்டையும் ஒரு தலைமுறையையும் நினைப்பர். 1940-ல் அந்நாடு ஜெர்மானியரிடம் ஆறு வாரங்களில் வீழ்ந்தது என்பதையும் உடன் நினைவுகூர்வாராயின், 'ஹாலோ' என்னும் அச்சொல்லே காரணத்தையும் கூறிவிட்டதாக அவருக்குத் தோன்றும். அந்நூலின் ஆசிரியர் இரு பொருளையும் தாங்கும் சொல்லை ஆண்டதில் தவறில்லை. ஒரு நூறாயிரம் செய்திகளைத் திரட்டியவர் தலைப்புக்கு ஒரு சொல்லைத் தேர்ந்துகொள்ள உரிமையுடையவர். ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ஒரு தலைமுறையை எடைபோடுவோரிடமிருந்து அத்தலைமுறையைக் காப்பது வாசகராகிய நம் பொறுப்பு. அந்நூல் பிரெஞ்சில் வந்தபோது அதன் தலைப்பில் 'க்ரோ' என்னும் சொல் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது.

பொருந்தும் இடம்

அப்படியாயின் 'க்ரோ'வை 'ஹாலோ' என்று பெயர்த்தல் எங்கும் தவறோ என்று கேட்பீராயின், அன்று என்போம். பொருந்தும் இடங்கள் உண்டு. அவற்றில் சிறந்தது பஸ்காலின் நூலில் இருக்கிறது.

பஸ்கால் 1662-ல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்த பேரறிஞர். இயற்கை நூலாராய்ச்சியில் அவர் வெறுமையைப் பற்றியே நூல் செய்தவர். காற்றும் இல்லாத வெற்றிடம் இயற்கையில் இருக்கக்கூடுமா என்பது அக்காலத்துப் பெரும் வழக்கு. அதைப் பற்றி 1647-ல் அவர் வெளியிட்ட சிறுநூலின் தலைப்பில் வரும் சொல் 'வீத்' என்பது. பாதரசக் குழாயைப் பியூய் தெ தோம் மலையுச்சிக்குக் கொண்டுசென்று காற்றின் அழுத்தத்தைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு, அவருடைய ஏற்பாட்டின்படி அவர் மைத்துனரால் 1648 செப்டம்பரில் நடத்தப்பட்டது. ஒன்றுமே இல்லாத இடத்துக்கு 'வீத்' என்னும் சொல்லை இத்துணை நுட்பமாக ஆண்ட அதே பஸ்கால், தம் சிந்தனைக் குறிப்புகளில் மனித உள்ளத்தைப் பற்றிச் சொல்லும்போது அச்சொல்லை விடுத்துக் 'க்ரோ' என்கிறார். அவ்வுள்ளம் குடைவுடையது, அக்குடைவில் அழுக்கு நிறைந்துள்ளது என்பது அவர் கருத்து. இங்கு 'எம்ட்டி' என்று பெயர்த்தால் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும். வெறுமையாயிருப்பது எங்ஙனம் நிறைந்துமிருக்கும்? 'ஹாலோ' என்பதே பொருத்தம். வெளித்தோற்றம் ஒன்று, உள்ளிருப்பது வேறொன்று என்னும் குற்றச்சாட்டு இங்கு மூலத்திலேயே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனைப் புதிதாகச் சேர்க்கவில்லை.

இதற்கு மறுதலையாக ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குச் சென்ற வழியையும் நோக்குவோம். கான்ராட் என்னும் நாவலாசிரியர் போலந்து நாட்டவர். ஆங்கிலம் கற்குமுன்னரே பிரெஞ்சு நன்கறிந்தவர். 1899-ல் முதலில் வெளிவந்த அவருடைய 'இருளின் இதயம்' என்னும் கதையில், ஆப்பிரிக்கக் காட்டில் தந்தம் திரட்டிய கர்ட்ஸ் என்பவனைப் பற்றி, அவன் உள்ளே குடைவானவன் என்று கதை சொல்வோன் 'ஹாலோ' என்னும் சொல்லாலேயே குறிப்பிடுகிறான். நாகரிகம் பரப்புவதாகப் பெருமுழக்கம் செய்தவன் அவன். முழக்கத்துக்கும் உள்ளத்துக்கும் இடையிலிருந்த பொய்ம்மையே கதையின் பொருளாதலின் அச்சொல் அங்கு முழுப்பொருத்தமுடையது. எலியட் 1925-ல் 'ஹாலோ மனிதர்' என்னும் கவிதையை எழுதியபோது கர்ட்ஸின் மறைவைக் கூறும் தொடரை அதன் முகப்பில் வைத்தார். வைக்கோல் அடைத்த பொம்மைகளைப் போன்ற மனிதரை அக்கவிதை காட்டுகிறது. அவர்களும் குடைவுடையவர், அதே நேரத்தில் அடைக்கப்பட்டவர். எலியட் 1931-ல் பஸ்காலின் சிந்தனைக் குறிப்புகளுடைய ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற நாம் துணியவில்லை. உள்ளே குடைந்து வேண்டாததால் நிரம்பிய மனிதன் என்னும் எண்ணம் இருவர் எழுத்திலும் இருப்பதை மட்டும் சுட்டுகிறோம்.

எலியட்டின் கவிதை பிரெஞ்சுக்குச் சென்றபோது அதன் தலைப்பு 'க்ரோ மனிதர்' என்றாயிற்று. வேறு சொல் தேட வழியில்லை. ஆனால் பிரெஞ்சுக்காரன் காதில் அத்தலைப்பு சற்றே வேறாக ஒலிக்கும். அவன் அதில் போலி மனிதரை மட்டுமன்றிப் பசித்த மனிதரையும், கன்னம் ஒட்டியவரையும், வரவேண்டியது வந்துசேராதவரையும் கேட்பான். ஆங்கிலத்தில் தீர்ப்பாயிருந்தது பிரெஞ்சில் ஓரளவு இரக்கமாகவும் மாறிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு வரும்போது பழி கூடியதென்றால், பிரெஞ்சுக்குச் செல்லும்போது பழி குறைகிறது. இரு வழியிலும் சொல் ஒன்றே, மனிதர் வேறு.

குழிவும் ஆழமும்

இச்சொல்லைப் பற்றிய இன்னும் ஒரு செய்தியைக் கூறி முடிப்போம். இப்பெயரிலிருந்து பிரெஞ்சு மொழியில் ஒரு வினை பிறந்திருக்கிறது. கிணறு தோண்டுதல், சால் பிடித்தல், மரத்தைக் குடைதல் ஆகியவற்றை அது குறிக்கும். பசியைத் தூண்டுதலும் அவ்வினையே. மூளையைக் கசக்கிச் சிந்திப்பதையும், ஒரு பொருளைத் துருவித் துருவி ஆராய்வதையும் அதே வினையாற் சொல்வர். நாமும் துருவுதல் என்னும் சொல்லை ஆராய்ச்சிக்கு ஆளுகிறோமல்லவா? குழிவை உண்டாக்குதலும் ஆழத்தை அடைதலும் ஒரே தொழில் என்பதை உழவனும் அறிவான், புலவனும் அறிவான்.

செதுக்குக் கலைஞரிடமும் இச்சொல் உண்டு. முத்திரையில் உருவத்தைக் குழிவாகச் செதுக்குதலைக் 'க்ரோ' முறை என்பர். அக்குழிவை அரக்கின்மேல் அழுத்தினால் உருவம் மேடாக எழுந்து நிற்கும். இதனை ஒட்டிப் பிரெஞ்சுத் திறனாய்வாளர், ஓர் ஆசிரியன் சொல்லாமல் விட்டவற்றாலேயே ஒரு மனிதனின் உருவைக் காட்டிவிடுவானாயின், 'க்ரோ'வில் வரைந்த உருவம் என்று பாராட்டுவர். இங்கு வெறுமையே பொருளாகிறது. இதனை 'ஹாலோ' என்று எவரேனும் பெயர்த்தால் பாராட்டு வசையாகிவிடும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லைக் காணும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இங்கு ஒருவன் இல்லாதவனாயிருக்கிறானா, அல்லது இல்லாததை இருப்பதாய்க் காட்டுகிறானா? முன்னது வறுமை, பின்னது வஞ்சகம். பசித்த சுரங்கத் தொழிலாளியும், போர்க்காலத்துப் பிள்ளைகளும், சரக்கில்லாத பேச்சாளரும் முன்னைய வகையினர். கர்ட்ஸ் பின்னைய வகையினன். அகராதி இருவருக்கும் ஒரே சொல்லைத் தருகிறது. யாருக்கு எது உரியது என்று பிரித்தளிக்கும் வேலையை அது செய்வதில்லை. அவ்வேலை மொழிபெயர்ப்பாளருடையது.

அதே கேள்வியைத் திறனாய்வாளரும் கேட்டுக்கொள்வாராக. அடுத்த முறை ஒரு நூலை மூடிவைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதப் பேனாவை எடுக்கும்போது, ஒன்றுமில்லை என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அந்நூலாசிரியர் தம்மிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டினார் என்று மெய்ப்பிக்கும் வரையில், அதற்கடுத்த சொல்லை எழுத நமக்கு உரிமையில்லை.